தரகன் விட்ட ஆறு வரி

எழுத்துக்காரிக்கு நான் மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தேன். ஒருவனுக்கும் ஒரு நாள் கூலி நிறுத்தியதில்லை என்று நாற்பது வருடம் மார்தட்டித் திரிந்தவன் நான். அந்தப் பேச்சில் என் கையாலேயே மண்ணைப் போட்டுக்கொண்டேன். நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பதினோரு வயதில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் செம்புக் கம்பி பிடித்தேன். இன்று என் பெட்டி தொங்காத மாடிக் கட்டடம் இந்த ஊரில் குறைவு. தொட்டி காலியானால் மோட்டாரைப் போடும், நிரம்பினால் நிறுத்தும், மோட்டார் சிக்கித் திணறினால், எரிவதற்கு முன்னால் கரண்டை வெட்டும். முதல் நூறு பெட்டியை இந்தப் பத்து விரலால் செய்தேன். டயர் கடைக்கு மேல் ஒரு மாடி, முப்பத்தெட்டுப் பேர், ஈயம் பற்றவைக்கும் புகை, ஜன்னலை மறைக்கும் அட்டைப் பெட்டிகள். எல்லாம் நானாகச் சேர்த்தது. எவனும் தூக்கிவிடவில்லை. தூக்கிவிடுகிறேன் என்று வந்தவன் ஒரே ஒருவன், அவன் தரகன். என் முதல் பட்டறையை விற்றுத் தருகிறேன் என்று பத்திரத்தை வாங்கிப் போனவன், விலையில் பாதியைத் தின்றுவிட்டு, "சந்தை அப்படிண்ணே" என்றான். அன்றிலிருந்து தரகன் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பல் கடிபடும்.

பிறகு சிப் வந்தது. நகத்தளவு கறுப்புச் சில்லு. நான் மேசை நிறையக் கம்பி இழுத்துச் செய்ததை அது சத்தமில்லாமல் செய்தது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது எழுதி அதற்குள் ஏற்ற வேண்டும். அதற்கு வந்தவள்தான் எழுத்துக்காரி. தையல்காரர் மகள்; மூன்று பெண்களில் மூத்தவள். பகலில் அப்பாவுக்குப் பொத்தான் தைத்து, சாயங்கால வகுப்பில் டிப்ளமோ முடித்தவள். முன்பு லிப்ட் செய்யும் கம்பெனியில் கதவைத் திறந்து மூடும் சிப்புக்கு எழுதியிருக்கிறாள். கதவை இன்னும் வேகமாக மூட வை என்று மேனேஜர் சொன்னாராம். "உங்க கையை நடுவுல வையுங்க, வேகமா மூடிக் காட்டறேன்" என்றாளாம். அத்தோடு அந்த வேலை போயிற்று. இதைக் கேட்டுத்தான் அவளைச் சேர்த்துக்கொண்டேன்.

முதல் நாள் நான் கேட்டேன்: "நீ எழுதறது சிப்புக்குப் புரியுமா?"

"புரியாது முதலாளி. நான் சி-ன்னு ஒரு மொழியில எழுதுவேன். நடுவுல கம்பைலர் இருக்கு. நான் எழுதினதை வாங்கி, சிப்போட பாஷையில மாத்திக் குடுக்கும்."

"அப்போ அவன் தரகன்."

சிரித்தாள். அவள் சிரிப்பது அபூர்வம். "ஆமா. நல்ல தரகர்தான். ஆனா தரகர்."

"நம்பறியா அவனை?"

"நம்பினா எதுக்குக் காகிதம் கேக்கப் போறேன்?"

அந்தக் காகிதம்தான் எங்கள் சண்டையின் விதை. கம்பைலர் மாற்றிக் கொடுத்ததை அப்படியே தாளில் அச்சடிக்க முடியும். ஒரு முறைக்கு இருநூறு தாள். அதை மேசையில் அடுக்கி, ஒரு வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்து, சிவப்புப் பென்சிலோடு உட்காருவாள். நான்கு நாள் எழுந்திருக்கமாட்டாள். யார் கூப்பிட்டாலும் தலையைத் தூக்கமாட்டாள். பார்ப்பவனுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும். ஓரத்தில் நம் மொழியில் பொடி எழுத்தில் குறிப்பு எழுதுவாள்: இங்கே சரி, இங்கே பார், இங்கே ஏன் இப்படி.

எனக்குப் பொறுக்குமா? என் பட்டறையில் கை அசையாதவனுக்குச் சம்பளம் இல்லை. "காகிதக் காசை உன் சம்பளத்துல பிடிப்பேன்" என்றேன். சண்டை போடுவாள் என்று பார்த்தேன். "பிடிச்சுக்கோங்க" என்று சொல்லி, ஒரு நீள நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் பிடித்தேன். வாசித்து முடித்த தாள்களையும் விடவில்லை. கசக்கிப் பெட்டிக்குள் பஞ்சுக்குப் பதிலாகத் திணிக்கச் சொன்னேன். ஒரு பொருளை இரண்டு முறை பயன்படுத்தாதவன் தொழில் செய்யக் கூடாது என்பது என் கொள்கை.

ஆறு வருடம். எழுத்துப் பிழை என்று ஒரு பெட்டி திரும்பி வரவில்லை. அந்தப் பெருமையையும் நானே எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் வந்தார் மாப்பிள்ளை. என் மகளைக் கட்டியவர், வியாபாரப் படிப்பு, கொள்முதல் அவர் கையில். ஒரு நாள் சிப் ஒன்றை உள்ளங்கையில் வைத்து, வைரம் கண்டெடுத்தவர் போல வந்தார்.

"மாமா, அதே ஜாதி சிப்பு. விலை பாதி. உள்ள இடம் மட்டும் கொஞ்சம் கம்மி."

"எவ்வளவு கம்மி?" என்று எழுத்துக்காரி கேட்டாள்.

"பாதி."

"என் எழுத்து அதுக்குள்ள போகாது."

"போகும். கம்பைலர்ல ஒரு சுவிட்ச் இருக்காம். போட்டா சுருக்கிக் குடுத்துடும்."

அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "சுருக்கும் முதலாளி. ஆனா எதை வேண்டாம்னு எடுக்கறதுன்னு அதுதான் முடிவு பண்ணும். இதுவரைக்கும் அந்த சுவிட்சை நான் போட்டதே இல்லை. போடறேன். ஆனா முழுசையும் வாசிக்கணும். பத்து நாள் குடுங்க."

லாரி வர இரண்டு நாள் இருந்தது. அறுநூறு பெட்டி. வாங்குகிறவர் அவசரத்தில் இருந்தார். மலிவுச் சிப்பை மாப்பிள்ளை மொத்தமாக வாங்கிப் போட்டிருந்தார். என் பணம் முழுக்க அதில் கிடந்தது.

"எழுதினதையே திரும்ப வாசிக்க ஒரு சம்பளமா?" என்று கத்தினேன்.

"நான் எழுதினதை இல்லை. தரகர் எழுதினதை."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அச்சு இயந்திரத்தின் கம்பியைப் பிடுங்கி, என் மேசை டிராயரில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். அவள் இரண்டு நாளும் திரையிலேயே விரல் வைத்து வாசித்தாள். மூன்றில் ஒரு பங்கு முடிந்தபோது லாரி வந்துவிட்டது.

"மோட்டாரை மாட்டியாவது சோதிங்க. பல்பு வேண்டாம்" என்றாள் கடைசியாக.

பல்பு என் கண்டுபிடிப்பு. மோட்டாருக்குப் பதிலாகப் பல்பை மாட்டி, எரிகிறதா, அணைகிறதா என்று பார்த்து அனுப்புவது. நாற்பது வருடமாக அதுதான் சோதனை. அதையும் குறை சொல்கிறாளே என்று இன்னும் கோபம். அறுநூறு பல்பும் அழகாக எரிந்து அணைந்தன. பெட்டிகள் போயின.

அந்த மாதம் கையில் காசில்லை. முப்பத்தேழு பேருக்குக் கொடுத்தேன். அவளுக்கு மட்டும், "உன் வீட்டுக்காரர் பஸ் ஓட்டறார், சம்பளம் வருது. அடுத்த மாசம் சேர்த்து வாங்கிக்கோ" என்றேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் மாதக் கடைசியில் வாங்கினவர் வேனோடு வந்தார். படியேறி வந்து, கருகிய மோட்டார் ஒன்றைத் தூக்கி என் மேசையில் போட்டார். எரிந்த காயிலின் வாடை எனக்குத் தாய்ப்பால் வாடை போலத் தெரியும்.

"இது மாதிரி எழுபத்தொண்ணு. கட்டடம் முடிஞ்சு இந்த வாரம்தான் மோட்டாரைப் போட்டோம்" என்றார். "பெட்டி பூரா கீழே இருக்கு. நீங்களே வச்சு அழுங்க."

ஒரு பெட்டியை எடுத்து நிஜ மோட்டாரை மாட்டினேன். டிக். மோட்டார் உறுமியது, பெட்டி உடனே வெட்டியது. டிக். மறுபடி போட்டது, வெட்டியது. டிக் டிக் டிக் டிக். பைத்தியம் பிடித்தவன் கதவைத் தட்டுவது போல. தொட்டுப் பார்த்தேன், மோட்டார் கொதித்தது.

முப்பத்தேழு பேர் முன்னால் அவளைக் கிழித்தேன். என்னென்ன சொன்னேன் என்பதை எழுதமாட்டேன். அவள் அழவில்லை.

"தாளைப் பார்த்தா தெரிஞ்சுடும் முதலாளி. கம்பியைக் குடுங்க."

"வெளியே போ!"

"மூணு மாச சம்பளம்?"

"எழுபத்தோரு மோட்டாருக்கு நீ காசு கட்டு. மிச்சம் இருந்தா நான் தர்றேன்."

நோட்டையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பத்து நாள் கழித்து வேறொரு லிப்ட் கம்பெனி முதலாளி போன் செய்தார். அவளை வேலைக்கு எடுக்கப் போவதாகவும், ஆள் எப்படி என்றும் கேட்டார். "என் எழுபத்தோரு மோட்டாரை எரிச்சவ" என்றேன். அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்போது எனக்குத் திருப்தியாகக் கூட இருந்தது. பொய் சொல்லி என்ன?

அவள் இடத்துக்குச் சுவரளவு சான்றிதழோடு ஒருவர் வந்தார். அவளுக்குக் கொடுத்ததைப் போல ஒன்றரை மடங்கு சம்பளம். நாற்பது நாள் திரையைப் பார்த்தார். கடைசியில் சொன்னார்:

"புரோகிராம் சரியாத்தான் சார் இருக்கு. ஒரு தப்பும் இல்லை."

"தப்பு இல்லைன்னா மோட்டார் எதுக்கு எரியுது? குளிர் காயவா?"

"மோட்டாரைப் பத்தி எனக்குத் தெரியாது சார்."

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. வீட்டில் என் மனைவி வேறு. எனக்குக் கணக்கு எழுதுபவள் அவள்தான். பழைய சிப், புதிய சிப் விலையையும், மோட்டாருக்குக் கட்டியதையும் ஒரே தாளில் எழுதி என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்லுவாங்க. நம்ம வீட்டுல சுமைகூலி எழுபத்தொரு பணம் ஆயிடுச்சுங்க."

சாப்பிடாமல் எழுந்து பட்டறைக்குப் போனேன். திரும்பி வந்த பெட்டிகள் கிடங்கில் கூரை வரை கிடந்தன. எவனையும் நம்பாமல் நானே ஒவ்வொன்றாகப் பிரித்துச் சிப்பைக் கழற்ற ஆரம்பித்தேன். உள்ளே திணித்திருந்த தாள்கள் தரையெல்லாம் உருண்டன. ஏதோ ஒரு பெட்டியில், இருபதாவதோ இருபத்தொன்றாவதோ, கசங்கிய தாளில் சிவப்பு எழுத்து கண்ணில் பட்டது. முழங்காலில் வைத்து நீவினேன். அவள் கையெழுத்து. பழைய சிப்புக்கு வாசித்த தாள். ஆறு வரியைச் சுற்றிச் சிவப்புக் கட்டம். ஓரத்தில்:

"இது காத்திருக்கும் இடம். இந்த ஆறு வரி போனால் மோட்டார் போகும். ஒவ்வொரு தடவையும் பார்."

கிடங்கில் நின்றபடி அதை மூன்று முறை வாசித்தேன். பிறகு டிராயரைத் திறந்து கம்பியை எடுத்தேன். சான்றிதழ்க்காரரின் மேசையில் வீசி, "புதுச் சிப்புக்கு அனுப்பினதை அச்சடிய்யா" என்றேன். அதே பகுதி வரும் தாளை அவரை எடுக்கச் சொல்லி, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடிக்கோலைப் போட்டேன். அந்த எழுத்து எனக்கு ஒன்றும் புரியாது. ஆனால் ஒரு புடவைக் கரையும் இன்னொரு புடவைக் கரையும் ஒன்றா இல்லையா என்று பார்க்கப் படிப்பு வேண்டுமா? மேலே உள்ள வரிகள் அங்கங்கே சுருங்கியிருந்தாலும் பொருந்தின. கீழே உள்ளவை பொருந்தின. நடுவில் கட்டம் போட்ட ஆறு வரி இல்லை. நான் ஐந்தாம் வகுப்புதான். ஆறு வரை எண்ணத் தெரியும்.

"இது எங்கேய்யா போச்சு?"

சான்றிதழ்க்காரர் எட்டிப் பார்த்தார். "ஓ, இதுவா! இது ஒண்ணுல ஆரம்பிச்சுப் பெரிய எண் வரைக்கும் சும்மா எண்ணிக்கிட்டு இருக்கற இடம் சார். எண்ணி முடிச்சதை எங்கேயும் பயன்படுத்தலை. சுருக்கச் சொன்னதால, வேலைக்கு ஆகாதுன்னு கம்பைலர் தூக்கிடுச்சு. விதிப்படி அது செஞ்சது சரிதான்."

"சும்மா எண்ணலைய்யா!" நான் போட்ட கூச்சலில் கீழே டயர் கடைக்காரர் படியேறி வந்துவிட்டார். "அது காத்திருக்குது!"

மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். ஒன்றரை நொடி. அதற்குள் அளந்து பார்த்தால், சிக்கிக்கொண்டது என்றுதான் தோன்றும். அதனால் காத்திருக்க வேண்டும். எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். எண்ணிய எண் யாருக்கும் வேண்டாம். எண்ணுகிற நேரம்தான் வேண்டும். மறுபடி போடுவதற்கு முன்னால் நிற்பதும் அதே ஆறு வரிதான். அது போனதும் டிக் டிக் டிக். பல்பு அப்படி இழுக்காது. அதனால் பல்பு அறுநூறு முறையும் பொய் சொன்னது.

தரகனுக்கு மோட்டார் தெரியாது. சான்றிதழுக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்கு அது விலைப்பட்டியலில் ஒரு வரி. அந்தக் கட்டடத்தில் பதினோரு வயதிலிருந்து மோட்டார் கிளம்புவதைக் காதால் கேட்டு வளர்ந்தவன் ஒருவன்தான். அவன்தான் கம்பியைப் பிடுங்கிப் பூட்டினான். அந்தக் கோபத்தை எவன்மேல் காட்டுவது? நாற்காலியை உதைத்தேன். கால்தான் வலித்தது.

மறுநாள் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சலவைக் கடைக்குப் பின்னால் ஓர் அறை. சுவர் முழுக்க இஸ்திரி ஆவியின் ஈரம். சலவைக் கடைக்கு ரசீது எழுதிக்கொண்டிருந்தாள். துணிக்கு இத்தனை என்று கூலி. என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

தாள்களை முன்னால் வைத்தேன். சிவப்புக் கட்டத்தைப் பார்த்தாள். பக்கத்துத் தாளைப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் இன்னும் இறுகியது.

"என் காசுல வாங்கின காகிதம். அதை உங்க பெட்டிக்கு மெத்தையா போட்டிருந்தீங்க."

"கண்டுபிடிச்சது நான்தானேம்மா? படிச்சவனால முடியலை."

"நான் எழுதி வச்சிருக்கேன், நீங்க வாசிச்சிருக்கீங்க. வாசிக்கறதுக்கா சம்பளம்னு கேட்டது யாரு?"

பிறகு, முதலாளி புத்தி போகுமா, மெல்ல ஆரம்பித்தேன்: "இது போகாம இருக்க வழியே இல்லையா?"

"இருக்கு. இதுல கை வைக்காதேன்னு தரகருக்குச் சொல்ல ஒரே ஒரு வார்த்தை இருக்கு. அதை எழுதியிருந்தா எடுத்திருக்காது. எப்பவும் வாசிச்சுப் பிடிச்சுக்கலாம்னு எழுதாம விட்டேன்."

"பார்த்தியா! அப்போ உன் மேலயும் தப்பு இருக்கு. அதுக்குக் கொஞ்சம் கழிச்சுக்கிட்டு..."

பேனாவை மூடி வைத்தாள். "வார்த்தை போடாதது என் தப்பு. அதை யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுவேன். வாசிக்க விடாதது உங்க தப்பு. ரெண்டையும் ஒரே கணக்குல எழுதாதீங்க. மூணு மாசமும் நான் வேலை செஞ்சேன். அது சம்பளம்."

உள்ளே இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்றது. நான் பையிலிருந்து பணத்தை எடுத்தேன்.

"இருங்க" என்றாள். "முதல்ல லிப்ட் கம்பெனிக்குப் போன் பண்ணுங்க. என் முன்னாடி."

"அது எதுக்கு இப்போ?"

"எனக்கு அந்த வேலை வேணும். உங்க பட்டறைக்கு நான் திரும்ப வரமாட்டேன். இந்த வார்த்தையை எங்க போடணும்னு எழுதித் தர்றேன், உங்க சான்றிதழ்க்காரர் போட்டுக்கட்டும். ஆனா என் பேருல நீங்க வச்ச கரியை நீங்கதான் துடைக்கணும்."

போன் போட்டேன். அவள் கை நீட்டி, சத்தம் வெளியே கேட்கும்படி பொத்தானை அழுத்தினாள்.

"வணக்கம். அன்னிக்கு எங்க எழுத்துக்காரியைப் பத்திக் கேட்டீங்களே. அது வந்து, தப்பு அந்தப் பொண்ணு மேல இல்லை. கம்பைலர்தான் கொஞ்சம் ஏமாத்திடுச்சு."

அவள் தலையை ஆட்டினாள். "தரகர் மேல பழி போடாதீங்க. சுவிட்சைப் போடச் சொன்னது யாரு?"

மறுமுனையில் அந்த மனிதர், "என்ன, சரியா கேக்கலை" என்றார்.

நாற்பது வருடத்தில் நான் எவனிடமும் சொல்லாத வாக்கியம் அது. "நான்தான் சொன்னேன்" என்றேன். "மலிவுச் சிப்பு வாங்கினது நாங்க. பத்து நாள் வாசிக்கணும்னு கேட்டா. நான் விடலை. அச்சுக் கம்பியைப் பிடுங்கிப் பூட்டினேன். ஒரு வார்த்தை விட்டுப்போச்சு, அது அவ தப்பு. அதை அவளே சொல்லுவா. மத்தது பூரா என் தப்பு."

"அந்தம்மா இப்பவும் வரத் தயாரா?" என்று கேட்டார் அவர். "எங்களுக்கு வாசிக்கற ஆள்தான் வேணும்."

"காகிதம் யார் காசு?" என்று அவள் போனைப் பார்த்துக் கேட்டாள்.

"கம்பெனி காசும்மா. வேற யார் காசு?"

போனை வைத்ததும் வலது கையை நீட்டினாள். உள்ளங்கையில் ரசீதுப் பேனாவின் மைக்கறை இருந்தது. முதல் மாதத்தை எண்ணி வைத்தேன். இரண்டாம் மாதம். மூன்றாம் மாதத்தின் கடைசி நோட்டையும் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். நோட்டுக்கட்டை இடது கைக்கு மாற்றினாள்; வலது கை விரிந்தபடியே இருந்தது.

"அதான் குடுத்துட்டேனே! இன்னும் என்ன?"

ரசீதுக் கட்டுக்கு அடியிலிருந்து நீள நோட்டை இழுத்து, என் பக்கம் திருப்பி வைத்தாள். ஆறு வருடம், தேதி, தாள், பிடித்த காசு. கடைசியில் அடிக்கோடு போட்டுக் கூட்டியிருந்தாள். நான் விரல் வைத்து மேலிருந்து கீழே மறுபடி கூட்டினேன். எனக்கு வாசிக்கத் தெரியாதா என்ன? ஒரு காசு கூடப் பிசகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சட்டைப் பையில் கைவிட்டு, நோட்டுகளை முதலிலும் சில்லறையைப் பிறகும், ஒவ்வொன்றாகச் சத்தமாக எண்ணி, அந்த விரிந்த கையில் வைத்தேன்.